டெல்டா ஊர்ப்பக்கம் ஹாட்ஸ்பாட் போடும் சிங்கப்பூர்வாசிகளுக்கு

இந்த முறை கும்பகோணம் பக்கம் போனபோது எனக்கு மிகவும் கைகொடுத்தது மொபைல் டேட்டாதான். குடவாசல் சாலையில் வயல் நடுவே நின்று பேசினாலும் வீடியோ கால் அறுபடவில்லை. ஸ்டேஷன் வைஃபையும் பரவாயில்லை. மொபைல் எண்ணுக்கு வரும் ஓடிபியைப் போட்டால் முதல் 30 நிமிடம் இலவசம். ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு அது போதும்.

ஆனால் கடையிலோ வீட்டிலோ லைன் போய்விட்டால் எல்லாரும் தேடுவது யாராவது ஒருவருடைய ஹாட்ஸ்பாட்டைத்தான். வெளிநாட்டிலிருந்து வந்தவரிடம் டேட்டா தாராளமாக இருக்கும் என்று நம்மிடம்தான் முதலில் கேட்பார்கள்.

பட்டா மாற்றத்துக்காக ஓர் இ-சேவை மையத்தில் காத்திருந்தேன். "அண்ணே, லைன் போயிடுச்சு. உங்க நெட்டைக் கொஞ்சம் போட்டு விடுறீங்களா?" என்றார் அங்கே வேலை பார்க்கும் தம்பி. பின்னால் முதியோர் உதவித்தொகைக்கு மனுப்போட வந்த பாட்டிகள் வரிசையில் நின்றார்கள். போட்டுவிட்டேன். இதை மறுக்கக் கூடாது என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் ஊரார் ஆதார் நகல்கள் மொத்தமும் கிடந்தன. ஒரே ஹாட்ஸ்பாட்டில் சேரும் கருவிகள் பல சமயம் ஒன்றையொன்று எட்ட முடியும். ஷேர் செய்த ஃபோல்டர் திறந்திருந்தால் உள்ளேயும் பார்க்கலாம். அதனால் பாஸ்வேர்டை வாயால் சொல்லாமல் நானே தட்டினேன். விண்டோஸில் அந்த இணைப்பை 'பப்ளிக்' என்று மாற்றச் சொன்னேன், அப்படி வைத்தால்தான் கம்ப்யூட்டர் மற்ற கருவிகளின் கண்ணில் படாமல் ஒதுங்கி நிற்கும். வரிசையில் நின்ற பையன்களும் கேட்டார்கள். அப்புறம் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஊரில் பலர் தங்கள் போன் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்திருக்கிறார்கள். இதுதான் எனக்குப் பெரிய கவலை. ஹாட்ஸ்பாட்டில் ஒரு கருவி சேரும் நொடியில் இரண்டும் பரிமாறிக்கொள்ளும் தகவலை பக்கத்தில் இருப்பவர் பிடித்துவைக்க முடியும். பிறகு வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கலாம். இந்திய மொபைல் எண் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும் என்பதால் மொத்தம் 400 கோடி எண்கள்தான். நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டருக்கு அது சில மணி நேர வேலை. டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை இந்த வழியை அடைக்கிறது, ஆனால் பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்கு அது தெரியாது. அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2 முறை என்றால் எழுத்தும் எண்ணும் கலந்த, யாரும் ஊகிக்க முடியாத நீளமான பாஸ்வேர்டு வேண்டும். ஊரைவிட்டுக் கிளம்பும் முன் அதை மாற்றிவிடுங்கள். சேர்ந்த போன்கள் அதை நினைவில் வைத்திருக்கும். க்யூஆர் கோடு காட்டுவதும் பாஸ்வேர்டைக் காட்டுவதும் ஒன்றுதான். அந்தப் படத்துக்குள் பாஸ்வேர்டு அப்படியே எழுத்தாக இருக்கிறது.

பெயரையும் பாருங்கள். ஐபோனில் போனின் பெயரே ஹாட்ஸ்பாட் பெயராகிவிடும், அதில் பெரும்பாலும் நம் பெயர் இருக்கும். தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினால் யார் வந்திருக்கிறார் என்று பஸ் முழுக்கத் தெரியும். மாற்ற ஒரு நிமிடம் ஆகாது.

நெட்டில் போகும் தகவலைப் பூட்டி அனுப்பும் விபிஎன் போட்டிருக்கிறோமே என்று நம்மவர்கள் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். போனில் ஓடும் விபிஎன், ஹாட்ஸ்பாட் வழியாக வரும் லேப்டாப்பைப் பொதுவாகக் காப்பதில்லை. லேப்டாப்பில் தனியாகப் போட வேண்டும். லேப்டாப் ஒன்றுதான் என்றால் யூஎஸ்பி கேபிளிலேயே நெட் கொடுத்துவிடலாம். வெளியே யாருக்கும் வைஃபையே தெரியாது, போனும் சார்ஜ் ஆகும்.

இன்னொன்று, சிம். அத்தை பேரிலோ மச்சான் பேரிலோ உள்ள சிம்மை வாங்கிப் போட்டுக்கொள்வது நம்மிடம் சாதாரணம். அந்த ஹாட்ஸ்பாட்டில் யாரோ ஒருவர் செய்யும் தப்புக்கு விசாரணை முதலில் போய் நிற்பது சிம் யார் பேரில் இருக்கிறதோ அவர் வாசலில். பாஸ்போர்ட்டும் விசாவும் காட்டி நம் பெயரிலேயே எடுத்துக்கொள்வோம்.

இ-சேவை மையத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. லைன் போனால் அவருக்கு வேறு வழி இல்லை. ஊர்ச் சங்கங்கள் ஒரு சின்ன 4ஜி ரவுட்டரும் அதற்கென ஒரு சிம்மும் வாங்கித் தரலாம். விருந்தினருக்குத் தனி இணைப்பு தரும் வகை ரவுட்டராகப் பார்த்து வாங்கினால், காத்திருப்பவர்களும் நெட் பார்க்கலாம், அந்தக் கம்ப்யூட்டரையும் தொட முடியாது. கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூல் செய்யும்போது இதையும் ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள், நான் தருகிறேன்.