எடின்பரோவுக்கு டிரெஞ்ச் கோட்டா, ரெயின் ஜாக்கெட்டா?

போன ஜூலையில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நான்கு நாள். நான் இடுப்புப் பட்டை வைத்த பழுப்பு டிரெஞ்ச் கோட்டோடு போனேன், அக்கா பச்சை ரெயின் ஜாக்கெட்டோடு. "மழைக்கு எதுக்குடி தனியா ஒரு ஜாக்கெட்டு?" என்று அம்மா கேட்டாள். அது அந்த ஜாக்கெட் இல்லை என்று புரிய வைப்பதற்குள் டாக்சி வந்துவிட்டது.

படத்தில் யார் அழகு என்பதில் போட்டியே இல்லை. விக்டோரியா தெருவின் வளைவில், வண்ணவண்ணக் கடைகளுக்கு முன்னால், நான் அந்த ஊர்க்காரி மாதிரி நிற்கிறேன். அக்கா மலையேறப் புறப்பட்டவள் மாதிரி. இடுப்புப் பட்டையை முடிந்துகொண்டால் உள்ளே இருப்பது கசங்கிய டீ-ஷர்ட் என்று யாருக்கும் தெரியாது. ராத்திரி நல்ல உணவகத்துக்கும் அப்படியே போகலாம். இரண்டாம் நாள் மதியம் வரை இதையே சொல்லி அக்காவைச் சீண்டிக்கொண்டிருந்தேன்.

குடை? வேண்டாம். அந்த ஊர்க் காற்று ஒரே வீச்சில் கம்பியைத் திருப்பிவிடும்.

மதியம் கோட்டையிலிருந்து ராயல் மைல் தெரு வழியாக இறங்கினோம். கூலிங் கிளாஸ் போடுகிற வெயில். செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தைத் தாண்டவில்லை, மழை பிடித்துக்கொண்டது. டிரெஞ்ச் கோட்டின் கேபர்டீன் துணி, தாமஸ் பர்பெரி 1879இல் உருவாக்கியது. நெருக்கி நெய்திருப்பதால் தூறல் உருண்டு ஓடிவிடும். அரைமணி நேரம் நின்று பெய்தால் தோளில் ஊறத் தொடங்கும்.

நனைந்ததுகூடப் பெரிதில்லை. காயவில்லை, அதுதான் விஷயம். நம் மொட்டைமாடியில் போட்டால் ஒரு மணி நேரம். அங்கே கோடை என்று அறையில் ஹீட்டரை நிறுத்தி வைத்திருந்தார்கள். குளியலறைக் கதவில் தொங்கவிட்டு, தலைமுடி உலர்த்தும் டிரையரை மணிக்கட்டு வலிக்கும் வரை பிடித்தேன். காலையில் முதுகு காய்ந்திருந்தது. துணி இரண்டு மடிப்பாக வரும் இடங்கள், அதாவது தோள்பட்டை மடிப்பு, கைவிளிம்பு, காலர், பட்டை எல்லாம் ஈரம். அக்கா ஜாக்கெட்டை ராத்திரியே இரண்டு உதறு உதறி நாற்காலியில் போட்டிருந்தாள். அவ்வளவுதான்.

அன்று பார்த்து வடகடலிலிருந்து மூடுபனி. அங்கே அதை 'ஹார்' என்கிறார்கள். அந்தக் குளிரில் ஈரக் கோட்டைப் போட முடியாமல், வெறும் ஸ்வெட்டரோடு ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் தஞ்சம் புகுந்தேன். நல்ல வேளை, கட்டணம் கிடையாது. பனி விலகியதும் அக்கா 251 மீட்டர் உயர ஆர்தர்ஸ் சீட் குன்றில் ஏறி, உச்சியிலிருந்து படம் அனுப்பினாள்.

மாற்றுக்கோட்டு இல்லாத நான்கு நாள் பயணத்தில், ராத்திரிக்குள் காயாத உடை அரைப் பயணத்தைத் தின்றுவிடும். பையில் அடைக்கும் இடத்தைச் சொல்லவே வேண்டாம். ஜாக்கெட் சுருட்டினால் டம்ளர் அளவு. கோட்டுக்குப் பாதிப் பெட்டி.

ஆகவே இந்த வருடக் கோபன்ஹேகனுக்கு நானும் ரெயின் ஜாக்கெட்தான். ஆனால் பார்த்து வாங்கினேன்: கருநீலம், தொடை வரை நீளம், வெளியே பிராண்டு எழுத்து இல்லை, தலைமூடி காலருக்குள் சுருண்டுகொள்ளும். உள்பக்கத் தையல் முழுக்க டேப் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். இல்லாவிட்டால் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கும். அங்கே நூஹாவ்ன் (Nyhavn) படகுத்துறைப் படத்தில் சுமாராக நன்றாகவே இருக்கிறேன்.

குறையும் உண்டு. மேடேறினால் உள்ளே வேர்க்கும். ஆர்தர்ஸ் சீட்டிலிருந்து இறங்கிய அக்கா உள்ளே தொப்பல். என்னுடையது ஒரு பயணம்தான் பார்த்திருக்கிறது. அக்காவினுடையதற்கு மூன்று வயது, தோள் பகுதியில் தண்ணீர் உருளாமல் படிய ஆரம்பித்துவிட்டது. துவைத்து லேசான சூட்டில் இஸ்திரி போட்டதும் ஓரளவு மீண்டது. எத்தனை முறை மீளும் என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

டிரெஞ்ச் கோட்தான் வேண்டும் என்றால், துணி உலர்த்தும் மெஷின் இருக்கும் தங்குமிடமா என்று கேட்டுவிட்டு அறையைப் பதிவு செய்யுங்கள். கோட்டு லேபிளில் மெஷின் சூடு ஆகாது என்று போட்டிருந்தால் அதுவும் உதவாது.