ஆண்டு நன்கொடையா, உயிலா?
1441-இல் ஆறாம் ஹென்றி நிறுவிய கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி போன்ற பழம்பெரும் கல்லூரிகளுக்கு உதவ இரு வழிகள் உண்டு.

உயிலில் எழுதிவைத்தால் பெருந்தொகை தரலாம். பிரிட்டனில் அறக்கொடைக்கு மரபுரிமை வரி கிடையாது. வரிக்குரிய சொத்தில் பத்தில் ஒரு பங்கை இப்படி ஒதுக்கினால், மீதிக்கான வரியும் 40 சதவீதத்திலிருந்து 36 ஆகக் குறையும். ஆனால் பணம் கைக்கு வரப் பல்லாண்டுகள் ஆகலாம்.

புரவலர் உறுப்பினராக ஆண்டுதோறும் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். அங்கே வருமான வரி கட்டுபவர் 100 பவுண்டு கொடுத்தால், ‘கிஃப்ட் எய்ட்’ திட்டத்தில் அரசிடமிருந்து கல்லூரிக்கு மேலும் 25 பவுண்டு கிடைக்கும். பதிலுக்குப் பெறும் விருந்து, நுழைவுச்சீட்டு முதலியவற்றின் மதிப்பு வரம்பை மீறினால் அந்த 25 போய்விடும். சலுகைகளை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். இந்தப் பருவத்துக்கே பணம் போதாமல் தவிக்கும் மாணவருக்கு உடனே உதவுவது இந்த வழிதான்.