மந்தையா, ஒதுங்கிய கிழட்டுக் கடாவா?

ஆப்பிரிக்க எருமைக்கு வேட்டைக்காரர்கள் இட்ட பெயர் 'கறுப்பு மரணம்'. எந்த எருமைக்கு அது பொருந்தும் என்பதுதான் கேள்வி.

சில நூறு தலைகள் கொண்ட மந்தை பார்க்கவே மிரட்டும். ஆனாலும் மனித வாடை பட்டால் பெரும்பாலும் புழுதி கிளப்பி ஓடத்தான் செய்யும். வேட்டைக்காரனுக்கு அங்கே தொல்லை வேறு: அத்தனை கண்களையும் மூக்குகளையும் ஏய்த்து நெருங்க வேண்டும், குறி தவறினால் பின்னால் நிற்கும் பெண் எருமைக்குக் குண்டு பாயும். கன்றைச் சிங்கம் பிடித்தால் இதே மந்தை திரும்பி வந்து சிங்கத்தைத் துரத்துவதும் உண்டு.

கிழட்டுக் கடாக்களின் கதை வேறு. மந்தையைவிட்டு ஒதுங்கி, தனியாகவோ இரண்டு மூன்றாகவோ ஆற்றோரப் புதரிலும் சேற்றிலும் கிடக்கும். காவலுக்கு மந்தை இல்லை. ஓடினால் சிங்கத்திடம் சிக்கலாம். ஆகவே எதிர்த்து நிற்பதே அவற்றுக்குப் பழகிய வழி. எழுநூறு, எண்ணூறு கிலோ உடல். நெற்றியில் இரு கொம்புகளும் சேர்ந்து இறுகிய கவசம். அடர்ந்த புதரில் பத்தடி தொலைவுக்கு நாம் நெருங்கிய பிறகுதான் அது இருப்பதே தெரியும்.

இருந்தும், அந்தக் கெட்ட பெயரில் பெரும்பங்கு காயம்பட்ட எருமைகளால் வந்தது என்றே நினைக்கிறேன். சரியாகச் சுடாதவனின் பிழையை விலங்கின் வஞ்சம் என்று சொல்வது வேட்டைக்காரர்களுக்கு வசதியாக இருக்கிறது. வேட்டைக்குக் கடினமானது மந்தை. உயிருக்கு ஆபத்தானது கிழட்டுக் கடா. துப்பாக்கியின்றி நடந்துபோகும் கிராமத்தாருக்கும் அப்படித்தான்.