டென்னிஸ் மட்டை வாங்கச் செல்வோர் கவனத்திற்கு: ஒட்டியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள்

சேலத்தில் உள்ள ஒரு விளையாட்டுப் பொருள் கடையில், தலைப்பகுதி (நரம்புகள் பின்னிய, பந்து படும் பகுதி) 100 சதுர அங்குலம் என்று சொல்லி ரூ.11,800-க்கு எங்களிடம் விற்கப்பட்ட டென்னிஸ் மட்டை, உண்மையில் 115 சதுர அங்குலம் கொண்ட பழைய சரக்கு என்பது நேற்று உறுதியாயிற்று. புகார் கொடுக்க இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. தலை அளவை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் முடிந்தவரை சேர்த்து எழுதுகிறேன்.

என் மகள் ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சிறுவர் மட்டையை விட்டுப் பெரியவர்களுக்கான 27 அங்குல மட்டைக்கு மாறும் வயது அவளுக்கு. தலை 100 சதுர அங்குலத்திற்கு மேல் போக வேண்டாம் என்று பயிற்சியாளர் தெளிவாகச் சொல்லியிருந்தார். தலை பெரிதானால் நடுவில் படாத பந்தும் ஓரளவு தாண்டிப் போகும் என்பது உண்மைதான். ஆனால் நரம்புகள் நீளமாக இருப்பதால் பந்து கூடுதல் விசையோடு கிளம்பும், குறி வைப்பது கடினமாகும். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்த அந்த உயரத்தில் சாதாரணப் பந்தே வேகமாகப் பறக்கும் என்பதால்தான் 1,219 மீட்டருக்கு மேலுள்ள இடங்களுக்கென்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு தனிவகைப் பந்தையே வைத்திருக்கிறது. அங்கே போய் விசை கூட்டும் மட்டையைப் பிடிப்பது வேண்டாத வேலை.

இவ்வளவையும் கடைக்காரரிடம் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார், மகளின் உள்ளங்கையைப் பார்த்துப் பிடியின் அளவைச் சொன்னார். நான் விலை அதிகமான வேறொன்றைக் கையில் எடுத்தபோது, "அது வேண்டாம் சார், காசு வீண். பாப்பாவுக்கு இது போதுங்க, கோச் சொன்ன அதே நூறு" என்று அதை வாங்கித் திரும்ப மாட்டிவிட்டார். விலை கூடியதை விற்க முயலாத ஒருவரை யார்தான் சந்தேகிப்பார்கள்? மட்டையின் கழுத்துப் பகுதியில் 100 என்ற எண் பளபளவென்று ஒட்டியிருந்தது. நரம்பு கட்டியதற்குக் கூலி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். ரூ.11,800-ஐ அங்கேயே செலுத்தினேன்.

மலையில் மகள் அடித்த பந்துகள் எல்லாம் பேஸ்லைனை, அதாவது ஆடுகளத்தின் கடைசிக் கோட்டைத் தாண்டி விழுந்தன. பயிற்சியாளர் மட்டையை வாங்கிப் பார்த்தவுடனேயே முகம் சுளித்தாராம். அவர் அந்த ஒட்டுத்தாளை நகத்தால் உரித்தபோது, அடியில் சுரண்டப்பட்ட பழைய அச்சு தெரிந்தது. நரம்புப் பரப்பின் உட்புறம் 14 அங்குல நீளம், பத்தரை அங்குல அகலம். மொத்த நீளமும் 27 அங்குலம் இல்லை, அதைவிட அரை அங்குலம் கூடுதல்.

நேற்று கடைக்குப் போனேன். "மலையில பந்து அப்படித்தான் சார் பறக்கும்" என்று, நான் அவரிடம் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொன்னார். ஒட்டுத்தாளைக் காட்டியதும், நரம்பை இன்னும் இறுக்கிக் கட்டினால் சரியாகிவிடும், அதற்குத் தனியாகப் பணம் ஆகும் என்றார். தலை சுருங்குமா என்று கேட்டேன், பதில் இல்லை. பிறகு, கம்பெனியிலிருந்து அப்படித்தான் வந்தது என்றார். பில்லை நீட்டினால், அதில் "ஸ்போர்ட்ஸ் ஐட்டம் 1, ரூ.11,800" என்பதும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்பதும் தவிர வேறொன்றும் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார். இன்று காலை தொலைபேசியை எடுத்த பையன், முதலாளி கோயம்புத்தூர் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டான். பின்னணியில் கேட்டது அந்த முதலாளியின் குரல்தான்.

விரிவாக எழுத இப்போது மனம் ஒப்பவில்லை. அவசியமானதை மட்டும் சொல்கிறேன். கடைக்கு அளவு நாடாவோடு போங்கள். நரம்புப் பரப்பின் உட்புற நீளத்தையும் அகலத்தையும் அங்குலத்தில் அளந்து பெருக்கி, வந்ததை 0.785-ஆல் பெருக்கினால் தலையின் பரப்பு ஏறக்குறைய கிடைத்துவிடும். 13-க்கு ஒன்பதே முக்கால் இருந்தால் அது நூறு. நிறுவனத்துக்கு நிறுவனம் அளக்கும் முறை மாறுவதால் இரண்டு மூன்று சதுர அங்குலம் கூடக் குறைய இருக்கலாம், பதினைந்து இருக்க முடியாது. எண் அச்சில் இருக்க வேண்டும். ஒட்டுத்தாளாக இருந்தால் அங்கேயே உரிக்கச் சொல்லுங்கள். மாடல் பெயரும் தலை அளவும் எழுதாத பில்லை வாங்காதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது, பில்லில் என்ன அச்சடித்திருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அந்த எண்ணில் என் ரூ.11,800-க்கான புகாரைப் பதிந்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் கிடையாது.