6 என்று வாங்கி 1.5 என்று காட்டிய ஹார்ட் டிஸ்க்: இரண்டரை வருஷ அனுபவம்

பெங்களூரு அல்சூரில் வீட்டிலேயே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். இரண்டு கேமரா, ஒரு ட்ரோன் என்றால் ஒரு கல்யாணத்துக்கு 300, 400 ஜிபி சாதாரணமாகச் சேர்ந்துவிடும். அதை வைக்கத்தான் எஸ்.பி. ரோட்டில் 4 டிபி, 7200 ஆர்பிஎம் இன்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். மெஷின் பழசு. பி75 சிப்செட் மதர்போர்டு, 16 ஜிபி ரேம், உபுண்டு லினக்ஸ், எடிட்டிங்குக்கு கேடென்லைவ். டிஸ்க் வாங்கி இரண்டரை வருஷம் ஆகிறது. டிஸ்க் நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் வாரத்திலேயே அதைத் திருப்பிக் கொடுக்க பில்லைக் கையில் எடுத்துவிட்டேன். அந்தக் கதையைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இதே காரணத்துக்காக நல்ல டிஸ்க்கை மாற்றிக்கொண்டு வருகிறவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

முதல் நாள் ராத்திரி எஸ்எஸ்டியிலிருந்து 350 ஜிபி காப்பி போட்டேன். இந்த வகை டிஸ்க்குக்கு அரை மணி, முக்கால் மணிக்குள் முடிய வேண்டிய வேலை. இரண்டரை மணி நேரம் ஆனது. நடு நடுவே எல்லாம் அப்படியே நின்றுவிடும். மவுஸ் நகரும், ஆனால் எந்த ஃபோல்டரும் திறக்காது. இருபது, முப்பது விநாடி கழித்து எதுவும் நடக்காதது போல மறுபடி ஓடும். டிஸ்க் படிக்கும் வேகத்தை அளக்கும் ஹெச்டிபார்ம் போட்டுப் பார்த்தால் விநாடிக்கு 124 எம்பி. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் இன்னும் தெளிவாகச் சொன்னது: டிஸ்க்கின் இணைப்புத் திறன் விநாடிக்கு 6.0 ஜிகாபிட், இப்போது ஓடுவது 1.5 ஜிகாபிட்.

டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் முறைக்கு சாட்டா என்று பெயர். 1.5 ஜிகாபிட் என்பது 2003ல் வந்த அதன் முதல் தலைமுறை. 6 ஜிகாபிட் 2009ல் வந்தது. சாட்டாவில் ஒவ்வொரு 8 பிட் தகவலும் 10 பிட்டாகக் கம்பியில் போகிறது. அதனால் 8ஆல் வகுக்காமல் 10ஆல் வகுக்க வேண்டும். 1.5 என்றால் அதிகபட்சம் 150 எம்பி, 3 என்றால் 300, 6 என்றால் 600. என் டிஸ்க் தட்டு சுற்றும் வேகத்துக்கு 190, 200 எம்பி வரை கொடுக்கும். ஆக 1.5 அதன் கழுத்தைப் பிடித்திருந்தது என்பது நிச்சயம்.

காலையில் பில்லோடு கிளம்பும்போது மாடி வீட்டுத் தம்பி எதிரே வந்தார். ஒயிட்ஃபீல்டில் சர்வர் பராமரிப்பு வேலை பார்ப்பவர். விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணா, டிஸ்க்கை விடுங்க. 199 எவ்வளவுன்னு பாத்தீங்களா?"

டிஸ்க் தன் நிலையைத் தானே எண்களாகக் குறித்து வைக்கும் பட்டியல்தான் ஸ்மார்ட். அதில் 199 என்பது சிஆர்சி பிழைகளின் கணக்கு. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில், அதாவது வழியில், தகவல் சிதைந்தால் இந்த எண் ஏறும். தட்டில் கோளாறு என்றால் 5, 197 ஆகிய எண்கள் ஏறும். என்னுடையதில் 5ம் 197ம் பூஜ்யம். 199ல் 63. வாங்கி நாலே நாள்.

பிறகு கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, எழுதி வைக்கும் பதிவைத் திறந்தோம். அதைக் காட்டும் டிமெசேஜில், டிஸ்க் மாட்டியிருக்கும் ஏடிஏ போர்ட்டின் வரிகளை மட்டும் வடிகட்டிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. பூட் ஆகும்போது லிங்க், அதாவது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான இணைப்பு, 3.0 என்றுதான் வந்திருக்கிறது. காப்பி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் எழுதும் கட்டளை தோல்வி, சிஆர்சி பிழை, லிங்க் ரீசெட். மறுபடி தோல்வி, மறுபடி ரீசெட். நான் பார்த்த அந்த இருபது விநாடி உறைவெல்லாம் இந்த ரீசெட்தான். கடைசியில் கெர்னலே லிங்க்கை 1.5க்கு இறக்குவதாக எழுதியிருக்கிறது. அதற்கப்புறம் பிழை குறைந்திருக்கிறது. டிஸ்க் வேகத்தைக் குறைக்கவில்லை. கெட்ட ரோட்டில் வண்டியை மெதுவாக ஓட்டுவது போல, தகவல் பத்திரமாகப் போக வேண்டும் என்று லினக்ஸ்தான் குறைத்தது. எனக்கு அந்த இடத்தில் லினக்ஸ் மீது ஒரு மரியாதையே வந்தது.

பதிவில் லிங்க் வேகத்தைச் சொல்லும் வரியின் கடைசியில் இரண்டு எண்கள் இருக்கும், எஸ்-ஸ்டேட்டஸ், எஸ்-கண்ட்ரோல். பலரும் அதைக் கவனிப்பதில்லை, ஆனால் விடை அங்கேதான் இருக்கிறது. எஸ்-ஸ்டேட்டஸில் நடு இலக்கம்தான் தலைமுறை. 113 என்றால் 1.5, 123 என்றால் 3, 133 என்றால் 6. எஸ்-கண்ட்ரோல் 300 என்று இருந்தால் கெர்னல் எந்தத் தடையும் போடவில்லை. 310 என்றால் 1.5க்கு மேல் போகாதே என்று கெர்னல் நிறுத்தி வைத்திருக்கிறது. உங்களுக்கு 113ம் 300ம் சேர்ந்து வந்தால் பழைய போர்ட்டா, டிஸ்க்கின் பின்னால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஜம்பர் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு வந்தது 113, 310. அப்படியென்றால் பிழை வந்து இறங்கியிருக்கிறது, வழியைத்தான் பார்க்க வேண்டும்.

கேபினட்டைத் திறந்தோம். பழைய சிவப்பு சாட்டா கேபிள், மதர்போர்டு பெட்டியிலேயே வந்தது. முனையில் பூட்டும் கிளிப் இல்லை. பக்கவாட்டுத் தகடு அதை அழுத்தி அழுத்தி, டிஸ்க்குக்குப் பக்கத்தில் காகிதத்தை மடித்தது போல ஒரு மடிப்பு விழுந்திருந்தது. விரலால் தொட்டால் முனை ஆடியது. கிளிப் வைத்த புது கேபிள் ஒன்று வாங்கி, வளைவு தாராளமாக இருக்கும்படி மாட்டினேன். மெஷினை முழுதாக அணைத்துப் போட்டதும் லிங்க் 3.0. கெர்னல் ஒருமுறை இறக்கிவிட்டால் அந்த பூட் முடியும்வரை அப்படியே வைத்திருக்கும் என்பதால், கேபிளை மாற்றியபின் ரீஸ்டார்ட் செய்யாமல் முடிவுக்கு வராதீர்கள். ஹெச்டிபார்ம் 196 எம்பி காட்டியது.

முதல் நாள் போட்ட காப்பியின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. தாலி கட்டும் நேரத்தை இரண்டாம் தடவை ஷூட் பண்ண முடியாது. கோப்புகளை நகலெடுத்து ஒப்பிடும் ஆர்சிங்கை, செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) ஒப்பிடும் விதத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு கிளிப்பையும் எஸ்எஸ்டியில் இருந்ததோடு சரிபார்த்தேன். ஒன்றுகூடக் கெடவில்லை. சிதைந்து வந்ததை சிஆர்சி கண்டுபிடித்து மறுபடி அனுப்ப வைத்திருக்கிறது, அதுதான் அந்த 63.

சரி, 6 எங்கே? பி75 போர்டில் 6 ஜிகாபிட் போர்ட் ஒன்றே ஒன்று, மற்ற ஐந்தும் 3தான். அந்த ஒன்றில் என் எஸ்எஸ்டி இருக்கிறது. மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் 6.0 என்று காட்டியது, வேகம் அதே 196. எஸ்எஸ்டிதான் பாதியாகக் குறைந்தது. உடனே பழையபடி மாற்றிவிட்டேன். சுற்றும் டிஸ்க்குக்கு 3 போதும். அதில் 6 வரவில்லை என்று யாரும் தூக்கம் கெட வேண்டாம்.

எட்டு மாதம் ஒன்றும் இல்லை. ஆயுத பூஜைக்கு மெஷினைத் திறந்து ப்ளோயரால் தூசி தட்டி, சந்தனம் குங்குமம் வைத்துப் பழைய இடத்தில் வைத்தேன். மறுநாள் மெஷினில் டிஸ்க்கையே காணோம். பதிவில் லிங்க் டவுன், பிறகு லிங்க் அப், பிறகு மறுபடி டவுன். இந்தத் தடவை எனக்கே எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தது. 199 அதே 63ல் நிற்கிறது, அதனால் டேட்டா கேபிள் இல்லை. ஆனால் 12, அதாவது டிஸ்க்குக்கு எத்தனை தடவை பவர் வந்தது என்ற கணக்கு, மெஷினை அணைக்காமலேயே ஏறிக்கொண்டிருந்தது. மெஷினுக்குப் பவர் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக சாட்டா பவர் பின் எட்டவில்லை என்று, மோலெக்ஸ் என்ற பழைய வகை பவர் முனையிலிருந்து சாட்டாவாக மாற்றும் இரண்டு முனை ஸ்ப்ளிட்டர் போட்டிருந்தேன். தூசி தட்டும்போது அதை இழுத்திருக்கிறேன். கழற்றிப் பார்த்தால் ஒரு பின்னைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தது. பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி அச்சாகச் செய்யும் அந்த வகை ஸ்ப்ளிட்டர் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிப்பது உண்டு. தயவுசெய்து உங்கள் கேபினட்டில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நான் அதைக் கத்தரியால் வெட்டித்தான் குப்பையில் போட்டேன். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்து மாட்டிவிடக்கூடும். டிஸ்க்கைக் கேபினட்டில் ஒரு அடுக்கு கீழே இறக்கியதும் எஸ்எம்பிஎஸ் ஒயரே எட்டிவிட்டது.

போன மாதம் இன்னொரு சந்தேகம். காப்பி 110 எம்பிக்கு மேல் போகவில்லை. லிங்க் 3.0, 199ல் 63, ஹெச்டிபார்மில் அதே 196. ஆனால் ஹெச்டிபார்ம் படிப்பது டிஸ்க்கின் ஆரம்பப் பகுதியை. அது தட்டின் வெளி விளிம்பு, ஒரு சுற்றுக்கு அதிகத் தகவல் வரும் இடம். என் டிஸ்க் 85 சதவீதம் நிரம்பிவிட்டதால் புதுக் கோப்புகள் உள் விளிம்புக்குப் போகின்றன. ஆஃப்செட் 3400 கொடுத்து, அதாவது ஆரம்பத்திலிருந்து 3400 ஜிபி தள்ளி, அந்தப் பக்கம் அளந்தேன், 108 வந்தது. டிஸ்க்கின் இயல்பே அதுதான்.

இப்போது 11,000 மணி நேரம் ஓடியிருக்கிறது. டிஸ்க்கின் சூடு ஏப்ரலில் 41 டிகிரி வரை போகும், மார்கழியில் 30க்குக் கீழே. 5ம் 197ம் இன்னும் பூஜ்யம். வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்னால் அடுத்த டிஸ்க் வாங்க வேண்டும். கிளிப் வைத்த கேபிள் ஒன்றை அதோடு சேர்த்து எடுத்து வைக்கச் சொல்லி கடைக்காரரிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.