ஓயூ அமைப்பை மாற்றிக் கொடுத்த காட்பாடிக்காரர்: எங்கள் அனுபவம்

வேலூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஐடி பார்க்கிறேன். ஹெட் ஆபீஸ் சத்துவாச்சாரியில், ஃபேக்டரி ஒன்று ஆம்பூரில், இன்னொன்று ராணிப்பேட்டை சிப்காட்டில். மொத்தம் 140 கம்ப்யூட்டர், எல்லாம் ஒரே டொமைன், அதாவது எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து சர்வர் வழியாக நிர்வகிக்கிறோம். போன மாதம் காட்பாடியில் தனியாக சர்வர் வேலை எடுத்துச் செய்யும் ஒருவரைக் கூப்பிட்டு ஆக்டிவ் டைரக்டரியில் (ஆட்கள், கம்ப்யூட்டர்கள் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் சர்வர் பதிவேடு) ஓயூ அமைப்பை முழுக்க மாற்றினோம். ஓயூ என்பது ஆர்கனைசேஷனல் யூனிட், அந்த ஆட்களையும் கம்ப்யூட்டர்களையும் பிரித்து வைக்கும் பெட்டி மாதிரி. இந்த வேலைக்கு யாரிடம் போவது, என்ன கேட்பது என்று தெரியாமல் நான் இரண்டு வருடம் தவித்தேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பழைய அமைப்பு வேறொரு கம்பெனி போட்டது. நம் ஊரில் யூனிட் என்றாலே ஃபேக்டரி, அதனால் ஆர்கனைசேஷனல் யூனிட் என்றதும் ஃபேக்டரியையே அப்படியே வரைந்துவிட்டார்கள்: மேலே வேலூர் மாவட்டம், அதற்குள் ஆம்பூர், ராணிப்பேட்டை, அதற்குள் கட்டிங், குளோசிங், பேக்கிங், ஒவ்வொன்றிலும் சூப்பர்வைசர், கிளார்க் என்று அடுக்குக்கு மேல் அடுக்கு. 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ராணிப்பேட்டை தனி மாவட்டமாகிவிட்டது, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. எங்கள் முதலாளியின் அப்பா காலத்தில் இது மொத்தமும் வட ஆற்காடு. மாவட்டப் பெயர் மாறிக்கொண்டே இருக்கும், ஊர்ப் பெயர் மாறாது, அதனால் ஊர்ப் பெயரையே வைப்போம் என்று காட்பாடிக்காரர் முதல் நாளே சொன்னார். எனக்கு அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது.

ஒரு நாள் சாயங்காலம் நடந்ததைச் சொன்னால் பழைய அமைப்பின் கஷ்டம் புரியும். ஆம்பூர் பேக்கிங் ஓயூவை கிளிக் செய்யப்போய், மவுஸ் இழுபட்டு அது ராணிப்பேட்டைக்குள் விழுந்துவிட்டது. திறந்தே கிடந்த அந்த ஜன்னலில் எச்சரிக்கைப் பெட்டியை யாரோ முன்பே அணைத்திருந்ததால் ஒன்றுமே கேட்கவில்லை. மறுநாள் ஆம்பூரில் பிரிண்ட் கொடுத்த அட்டைப்பெட்டி லேபிள்கள் ராணிப்பேட்டை பிரிண்டரில் அடித்துக்கொண்டிருந்தன, கன்டெய்னர் வாசலில் நின்றது. எங்கள் டொமைன் விண்டோஸ் 2003 சர்வர் காலத்தது. தவறி அழிக்காமலும் நகர்த்தாமலும் தடுக்கும் அந்த டிக், 2008 சர்வர் வந்த பிறகு உருவாக்கும் ஓயூக்களுக்குத்தான் தானாக விழும். பழையவற்றுக்கு நாமே போட வேண்டும், அதை அன்று வரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

வந்தவர் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு பழைய கட்டிங் சீட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு இரண்டே கேள்வி கேட்டார். பாஸ்வேர்டு மறந்தால் யார் ரீசெட் செய்வார்? எந்தக் கம்ப்யூட்டருக்கு மற்றதிலிருந்து வேறு பாலிசி, அதாவது சர்வரிலிருந்து போடும் கட்டுப்பாடு, வேண்டும்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத ஓயூ எதற்கு என்று கேட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனார். மிச்சம் நின்றது மூன்று ஊர், ஒவ்வொன்றிலும் ஆட்கள், ஆபீஸ் கம்ப்யூட்டர், ஃபேக்டரி உள்ளே எல்லோரும் மாறி மாறி உட்காரும் கம்ப்யூட்டர், அப்புறம் சர்வர்களுக்கும் அட்மின் கணக்குகளுக்கும் தனித்தனியாக ஒன்று. டிபார்ட்மென்ட் எல்லாம் குரூப்புக்கு, அதாவது உரிமை கொடுப்பதற்கான ஆட்கள் பட்டியலுக்கு, போய்விட்டது. ஃபோல்டர் அனுமதியை ஓயூவுக்குக் கொடுக்கவே முடியாது, குரூப்புக்கோ தனி ஆளுக்கோதான் கொடுக்க முடியும். அதனால் கட்டிங்கிலிருந்து பேக்கிங்குக்கு ஒருவர் மாறினால் இப்போது குரூப்பை மட்டும் மாற்றினால் போதும்.

இன்னொன்று, புதுக் கம்ப்யூட்டரை டொமைனில் சேர்த்தால் அது வழக்கமாக கம்ப்யூட்டர்ஸ் என்ற இடத்தில் போய் விழும். அது ஓயூவே இல்லை, மேலே சொன்ன பாலிசியை (குரூப் பாலிசி என்பார்கள்) அதில் இணைக்க முடியாது. எங்கள் பென் டிரைவ் தடை பல மாதமாகப் புது மெஷின்களில் வேலை செய்யாததற்குக் காரணம் இதுதான். புது மெஷின்கள் விழும் இடத்தை மாற்றும் ரீடைர்கம்ப் (redircmp) என்று ஒரே ஒரு வரி கமாண்ட் அடித்தார், அதோடு தீர்ந்தது. இப்போது வருவதெல்லாம் ஒரு தற்காலிக ஓயூவில் தடையோடுதான் இறங்குகிறது, அங்கிருந்து நாங்கள் ஊர் பார்த்து நகர்த்துகிறோம்.

ஆம்பூர் கிளார்க் தம்பிக்கு அந்த ஊர் ஆட்களின் பாஸ்வேர்டு ரீசெட் உரிமை மட்டும் கொடுத்திருக்கிறோம். முன்பு காலை ஷிஃப்ட் தொடங்கும்போது எனக்கு ஐந்தாறு போன் வரும், இப்போது வருவதில்லை.

கட்டணம் 18,000 ரூபாய், இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. இந்தத் தரத்துக்கு அது அதிகமில்லை. பாலிசிகளை முதலில் நான்கு கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை நகர்த்தினார், பேக்கப்பும் முன்னாடியே எடுத்தார். ஒரே குறை, எந்த பாலிசி எந்த ஓயூவில் இணைந்திருக்கிறது என்று எழுதித் தருவதாகச் சொன்ன தாளுக்கு மூன்று வாரம் நடையாய் நடக்க வைத்தார். கூப்பிடுபவர்கள் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் அந்தத் தாளைக் கையில் வாங்கிவிடுங்கள்.