குன்னூர்ல பென்சில் டிராயிங் கிளாஸ், மூணு மாசம் போன அனுபவம்

பெட்ஃபோர்ட்ல இருந்து கொஞ்சம் மேல ஏறுனா ஒரு வீட்டு மாடில சனிக்கிழமை காலைல நடக்குற கிளாஸ் இது. ஆகஸ்ட்ல சேர்ந்தேன், மூணு மாசம் ஆச்சு, சேரலாமான்னு யோசிக்கிறவங்களுக்காக எழுதுறேன்.

போன உடனே மூஞ்சி வரையணும்னு ஆசை இருந்தா கொஞ்சம் பொறுமை வேணும். முதல் நாலு வாரம் கோடும் ஷேடும் மட்டும்தான். ஒரு பட்டை போட்டு ஒன்பது கட்டமா பிரிச்சு, பேப்பர் வெள்ளைல ஆரம்பிச்சு முழு கருப்பு வரைக்கும் படிப்படியா கொண்டு போகணும், நடுவுல எங்கயும் தாவக்கூடாது. பென்சில் மேல எச், பி-ன்னு போட்டிருக்கும்ல, எச் பென்சில்ல களிமண் ஜாஸ்தி, பி நம்பர் ஏற ஏற கிராஃபைட் ஜாஸ்தி, அதான் 6பி மெத்துன்னு கருப்பா விழுதுன்னு சார் சொன்னப்பதான் புரிஞ்சுது. அதுவரைக்கும் சாதாரணமா எழுதுற எச்பி பென்சிலையே அழுத்தி அழுத்தி தேய்ப்பேன், பேப்பர் பள்ளமாகி பளபளன்னு ஆகுமே தவிர கருப்பு வராது. செலவும் பெருசா இல்ல, அப்சரா டிராயிங் பென்சில் செட் போதும்னுட்டாரு.

அஞ்சாவது வாரம் முட்டை. வெள்ளைத் துணி மேல ஒரு வெள்ளை முட்டை, பக்கத்துல டேபிள் லைட், அவ்வளவுதான். அடிப்பக்கம்தானே ரொம்ப இருட்டா இருக்கும்னு அங்க போட்டு அப்பிட்டேன், முட்டை தட்டையா ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. சார் திருத்தல. ஒரு துண்டுப் பேப்பர்ல சின்னதா ஓட்டை போட்டுக் குடுத்து "இது வழியா பாருங்கம்மா"ன்னாரு. பாத்தா இருட்டுப் பட்டை கொஞ்சம் மேலயே இருக்கு, அடி ஓரத்துல துணில பட்டுத் திரும்புற வெளிச்சம் லேசா தெரியுது! பிசையுற ரப்பரால அந்த ஓரத்த மட்டும் ஒத்தி எடுத்தேன், முட்டை உருண்டு வந்துருச்சு. அன்னைக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

ஜன்னல் வெளிச்சத்துல வரைய விட மாட்டாரு, நம்ம ஊர்ல பத்து மணிக்கு வெயில் அடிக்கும், பத்தரைக்கு மிஸ்ட் ஏறி நிழலே காணாம போயிடும்ல. ஐப்பசி மழைல பேப்பரும் நமுத்துடும், ரப்பர் போட்டா நார் எந்திரிக்கும், அதனால ஷீட்ட பிளாஸ்டிக் கவர்ல போட்டு நல்லா மூடி எடுத்துட்டு போங்க.

குறைன்னா, சின்னப் பசங்களும் பெரியவங்களும் ஒரே பேட்ச், மொத்தம் பதினாலு பேர், ரெண்டு மணி நேரத்துல சார் நம்மகிட்ட வர்றது ரெண்டு தடவைதான், அதுவும் பாதி நாள் கால் மணி நேரம் லேட்டாத்தான் ஆரம்பிக்கும். மழையால வர முடியலன்னா அந்த கிளாஸ் போனதுதான், மாத்து கிளாஸ் கிடையாது. மாசம் 1,200 ரூபாய் வாங்குறப்ப இத சரி பண்ணணும், அவர்கிட்டயும் சொல்லிட்டேன்.

போன வாரம் வீட்டுப் பித்தளை சொம்ப எடுத்துட்டுப் போய் வரைஞ்சேன். வீட்டுக்கு வந்து ஒண்ணும் சொல்லாம மேஜை மேல வச்சேன், அத்தை கண்ணாடிய மாட்டிக்கிட்டு குனிஞ்சு பாத்துட்டு "ஏம்மா, கழுத்துல இந்த நசுங்கல், இது நம்ம சொம்புல்ல?"ன்னாங்க.

அடுத்த மாசம் கை வரையச் சொல்லித் தர்றாராம், ஃபீஸ் கட்டிட்டேன்.